ஐந்தடி உயரத்துக்கு முதல் பைக்: கிறவல் ரோட்டில் ஓடப்போகும் தங்கச்சிக்கு

ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். விவசாயப் போதனாசிரியராகப் புதிதாக நியமனம் கிடைத்திருக்கிறது. வீடு முல்லைத்தீவு மாவட்டத்தில் புதுக்குடியிருப்புப் பக்கம், வேலை ஒட்டுசுட்டான் பக்கம், வயல் பார்க்க முத்துஐயன்கட்டு வரைக்கும் போகவேண்டும். உயரம் சரியாக ஐந்தடி. சைக்கிளைத் தவிர எதுவும் ஓடிப் பழக்கமில்லை. அண்ணா பல்சர் 150 எடு என்கிறார். அம்மாவோ பொம்பிளைப் பிள்ளைக்கு ஸ்கூட்டிதான் சரி என்கிறார். "எனக்குக் கால் எட்டுகிற மாதிரி ஒரு பைக் இருக்கிறதா, அல்லது இந்த எண்ணத்தையே விட்டுவிடவேண்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

விடவேண்டாம் தங்கச்சி. நானும் வன்னியில் வெளிக்கள வேலைக்குப் பைக்கில் போய்வருகிற ஆள்தான். உயரம் உங்களைவிட ஒரு அங்குலம் குறைவு. எங்கள் வீட்டு முற்றத்தோடு ஒட்டினபடி தம்பியின் கராஜ் இருப்பதால், எந்த பைக் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் வேலைக்கும் உங்கள் ரோட்டுக்கும் நான் சொல்வது 100 சிசி கியர் பைக். அதிலும் முதலில் உட்கார்ந்து பார்க்கவேண்டியது ஹீரோ ஸ்பிளெண்டர். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் விளங்கினால்தான் கடையில் வேறு ஒன்று நின்றாலும் நீங்களே தீர்மானிக்கலாம்.

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "கால் எட்டுதா?" என்பது. ஓடிக்கொண்டிருக்கும் பைக்குக்கு உங்கள் கால் தேவையே இல்லை. நிற்கும்போதும், நிற்கப்போகும்போதும், திருப்பும்போதும்தான் கால் வேண்டும். புதிதாக ஓடுபவர்கள் விழுகிற இடமும் அநேகமாக அதுதான். அந்த நேரத்தில் நடப்பதைக் கவனியுங்கள். நெல் மூட்டையை நிமிர்த்தி வைத்தால் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளலாம், அது கொஞ்சம் சாய்ந்துவிட்டால் முழு உடம்பையும் கொடுத்தாலும் நிற்காது. பைக்கும் அப்படியே. உயரமான ஆளின் கால் சீக்கிரமே நிலத்தைத் தொட்டுவிடும், பைக் அதிகம் சாய முன்னரே பிடித்துவிடுவார். எங்களுக்குக் கால் நிலத்தைத் தொடுவதற்குள் பைக் இன்னும் கொஞ்சம் சாய்ந்துவிடும். அந்தக் கொஞ்சச் சாய்வில் எவ்வளவு பாரம் எங்கள் காலுக்கு வருகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. ஆகவே சீற்றின் உயரத்தோடு பாரத்தையும், சீற்றும் டாங்கும் உங்கள் தொடைக்கு நடுவில் எவ்வளவு அகலம் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் அண்ணா சொல்கிற பல்சர்தான். பல்சர் 150 இன் சீற் உயரம் 785 மில்லிமீற்றர். ஸ்பிளெண்டரின் சீற் உயரமும் அதே 785. கடதாசியில் இரண்டும் ஒன்று. ஆனால் ஸ்பிளெண்டர் 112 கிலோ அளவில் இருக்க, பல்சர் 140 கிலோவைத் தாண்டிவிடும். முப்பது கிலோ வித்தியாசம். அதோடு பல்சரின் டாங்க் அகலம், அதற்கேற்றபடி உங்கள் தொடை விரியும், விரிந்த அளவுக்குக் கால் கட்டையாகும். ஐந்தே முக்கால் அடி அண்ணாவுக்கு இது தெரியவே தெரியாது, அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய உடம்புக்கு அது நல்ல பைக்.

மறுபக்கமாகச் சிலர் பஜாஜ் அவெஞ்சரைக் காட்டுவார்கள். சீற் 737 மில்லிமீற்றர்தான், உட்கார்ந்தவுடன் இரண்டு பாதமும் பதியும், முகம் மலர்ந்துவிடும். ஆனால் பாரம் 150 கிலோ அளவில் வரும், பைக் நீளம், கால் வைக்கிற இடம் முன்னுக்கு இருக்கும். காப்பெற் வீதியில் நேரே போக வசதியான பைக். குளக்கட்டில் திருப்பி எடுக்கவேண்டி வந்தால் அந்த நீளமும் பாரமும் உங்களை அழவைக்கும்.

உங்கள் கால் அளவை முதலில் எடுத்துவிடுங்கள். வேலைக்குப் போடும் சப்பாத்தோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். மட்டை தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவில் வைத்து, சீற்றில் இருக்கும்போது அழுந்துகிற மாதிரி மேலே இழுத்துப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து நிலம் வரை ஒருவர் அளக்கட்டும். ஐந்தடிப் பெண்ணுக்கு இது 28 அங்குலத்துக்குக் கிட்டவாக, அதாவது 710 மில்லிமீற்றர் அளவில் வரும். 785 உடன் ஒப்பிட்டால் மூன்று அங்குலம் குறைகிறதே என்று பயப்படவேண்டாம். நீங்கள் ஏறி இருந்தவுடன் பின் சொக் கொஞ்சம் இறங்கும், சீற்றின் பஞ்சு அமரும், குதியைத் தூக்கினால் இன்னும் இரண்டு மூன்று அங்குலம் கிடைக்கும். ஸ்பிளெண்டரின் சீற் முன்பக்கம் ஒடுங்கியிருப்பதால் இரண்டு காலின் முன்பாதமும், அல்லது இடுப்பை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் இடது பாதம் ஏறத்தாழ முழுவதும், நிலத்தில் பதியும். இவ்வளவும் காணும். இரண்டு பாதமும் தட்டையாகப் பதியவேண்டும் என்று தேடினால் உங்களுக்கு ஏற்ற நல்ல பைக்குகள் பலதையும் சும்மா இழந்துவிடுவீர்கள்.

இனி அம்மாவின் ஸ்கூட்டி. அம்மா சொல்வதைத் தட்டிவிட நான் வரவில்லை. கிளச் இல்லை, கியர் இல்லை, இரண்டு பிறேக்கும் கையில் இருப்பதால் இரண்டு காலும் நிலத்துக்குச் சும்மா இருக்கிறது, சின்ன ஆளுக்கு இது பெரிய வசதி. டிவிஎஸ் ஸ்கூட்டி பெப் பிளஸ் 93 கிலோ சொச்சம்தான், விழுத்தினாலும் தனியாக நிமிர்த்தலாம். சாறி கட்டிப் பள்ளிக்கூடம் போகிற ரீச்சர்மாருக்கு இதைவிட ஏற்றது இல்லை, ஏனென்றால் கியர் பைக்கில் காலைத் தூக்கிப்போட்டு ஏற சாறி விடாது. நீங்களும் ஆசிரியராகி, காப்பெற் வீதியோடு முடிகிற பயணமாக இருந்திருந்தால் அம்மா சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன்.

ஆனால் இரண்டு விஷயம். முதலாவது, ஸ்கூட்டர் நினைக்கிற அளவு தாழ்வு இல்லை. பெப் பிளஸ் 768, ஹொண்டா டியோ 765 மில்லிமீற்றர். ஸ்பிளெண்டரைவிட இரண்டு சென்ரிமீற்றர்தான் குறைவு, அதுவும் சீற் அகலம், கால் வைக்கிற தட்டும் அகலம். இரண்டையும் சுற்றிக் கால் இறங்குவதற்குள் அந்த இரண்டு சென்ரிமீற்றரும் போய்விடும். இதைக் கடையில் உட்கார்ந்து பார்த்தால் உடனே தெரியும், பலர் பார்ப்பதில்லை.

இரண்டாவதுதான் உங்களுக்கு முக்கியம், சில்லு. பெப் பிளஸ்ஸுக்கு 10 அங்குலச் சில்லு. ஸ்பிளெண்டருக்கு 18. கிறவல் ரோட்டில் மாரி முடிந்ததும் வருகிற குழிகளை உங்களுக்கு நான் சொல்லத்தேவையில்லை. பெரிய சில்லு குழியின் மேலால் ஏறிக் கடக்கும், சின்னச் சில்லு குழிக்குள் இறங்கி முட்டும். முட்டுகிற நேரத்தில் ஹாண்டில் கையை விட்டுத் திரும்பப் பார்க்கும். டிப்பர் ஓடி ஓடி அலை அலையாகச் செதுக்கிய ரோட்டில் நாள்தோறும் ஸ்கூட்டரில் போகிறவர்களின் முதுகு நோவு பொய்யில்லை. அடித்தட்டும் தாழ்வு, கிறவலில் கிடக்கும் கல்லிலும் மதகு விளிம்பிலும் உரசும். வட்டுவாகல் பாலம் மாதிரித் திறந்த இடத்தில் சோழகக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போதும் சின்னச் சில்லும் குறைந்த பாரமும் சேர்ந்து பைக்கை ஆட்டும். பாரம் குறைந்தால் எல்லாமே நல்லது என்று இல்லை. அதனால்தான் 110 கிலோ அளவை உங்களுக்குச் சரியான இடமாக நினைக்கிறேன்.

இங்கே பழைய ஹொண்டா சி90 ஐப் பற்றியும் ஒரு சொல். ஊரில் யாராவது மாமா அதைத்தான் எடுக்கச் சொல்வார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 17 அங்குலச் சில்லு, கையில் கிளச் இல்லாமல் காலால் மாற்றுகிற கியர், நடுவால் காலைப் போட்டு ஏறலாம். பொருளாதாரத் தடை இருந்த 90களில் துளிப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினதும் அந்த இனம்தான், வன்னியில் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன்மேல் உள்ள நம்பிக்கை போகாது. சின்ன ஆளுக்கு அமைப்பில் மிக நல்ல பைக். ஆனால் இன்று கிடைப்பவை எல்லாம் வயதானவை. நாள்தோறும் கடமைக்குப் போகவேண்டிய, பைக் திருத்தத் தெரியாத ஒருவருக்கு முதல் பைக்காக அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டில் நன்றாக ஓடுகிற ஒன்று நின்றால் பழகுவதற்கு எடுங்கள், அது வேறு.

பஜாஜ் சிடி 100 ஊர் முழுக்க நிற்கிறது. எந்தச் சந்தியிலும் சாமான் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார். வன்னியில் இது சின்ன விஷயம் இல்லை. சீற் ஸ்பிளெண்டரைவிடக் கொஞ்சம் உயரமாக உணர்வீர்கள், ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசமும் உண்டு, ஆகவே குறிப்பிட்ட பைக்கில் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்லலாம். ஹீரோ எச்எஃப் டீலக்ஸ் 805 மில்லிமீற்றர், ஸ்பிளெண்டருக்கு உறவு என்றாலும் உங்களுக்கு அந்த இரண்டு சென்ரிமீற்றர் தெரியும். பெற்றோல் செலவில் இந்த 100 சிசி பைக்குகள் எல்லாமே சிக்கனம். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டால் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கிய காலத்தில், வெளிக்கள வேலையை விடாமல் செய்தவர்கள் அநேகமாக இப்படிப்பட்ட பைக் வைத்திருந்தவர்கள்தான்.

சரி, பைக் எதுவானாலும், எங்கே நிற்கிறோம் என்பதுதான் சின்ன ஆளுக்குப் பாதி ஓட்டம். இதைப் பழக்குகிறவர்கள் சொல்லித்தருவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு இது தேவைப்பட்டிருக்காது.

நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறோம். வீதி நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிகிறது. நிற்கும்போது ஊன்றுவது இடது கால், வலது கால் பின்பிறேக்கில் இருக்கவேண்டும். அதாவது எங்கள் கட்டைக் கால் எப்போதும் பள்ளமான பக்கத்துக்குத்தான் போகிறது. பரந்தன்-முல்லைத்தீவு வீதியில் காப்பெற் முடிகிற விளிம்பைக் கிட்ட நின்று பாருங்கள். பல இடத்தில் காப்பெற் மேலேயும் கிறவல் ஓரம் நாலு விரல் கீழேயும் இருக்கும். சில்லைக் காப்பெற்றில் வைத்துக்கொண்டு காலைக் கிறவலில் ஊன்றப் பார்த்தால் அந்த நாலு விரல் ஆழத்தைக் கால் தேடும், தேடுகிற நேரத்தில் பைக் போய்விடும். பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறதே என்று அவசரத்தில் ஓரம் கட்டும்போதுதான் இது நடக்கும். ஒன்றில் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே காப்பெற்றிலேயே நில்லுங்கள், அல்லது வேகத்தை நன்றாகக் குறைத்து இரண்டு சில்லையும் ஓரத்துக்கு இறக்கி, கொஞ்சத்தூரம் ஓடி, மட்டமான இடம் பார்த்து நில்லுங்கள். நடுவில் நிற்கவேண்டாம்.

நிற்க முன்னர் கண் நிலத்தைப் பார்க்கட்டும். ஐந்து ஆறு மீற்றர் முன்னுக்கே கால் எங்கே படப்போகிறது என்று தெரிவு செய்துவிடவேண்டும். உருளுகிற கிறவல் கல், எண்ணெய், சேறு இல்லாத ஒரு சாண் இடம் காணும். காலபோக அறுவடை நேரம் பாதி வீதியில் நெல் காயும், உங்கள் ஆட்கள்தான் காயவிட்டிருப்பார்கள். நெல்லின்மேல் பிறேக் பிடிக்கவேண்டாம், காலும் ஊன்றவேண்டாம், மணி காலுக்குக் கீழே உருளும். நெல் முடிகிற இடத்துக்குப் போய் நின்று கதையுங்கள்.

குளக்கட்டிலும் வாய்க்கால் கட்டிலும் நினைத்த இடத்தில் திருப்பவே கூடாது. கட்டின் இரு பக்கமும் சரிவு, பாதி திரும்பி நிற்கும்போது இரண்டு காலுக்கும் நிலம் இருக்காது. மதகடியில் கட்டு அகலும், அதுவரைக்கும் போய்த் திருப்புங்கள். அதுவும் முடியாவிட்டால் இறங்கி, இடப்பக்கம் நின்று, இடுப்பை சீற்றில் ஒட்டிக்கொண்டு தள்ளித் திருப்புங்கள். பைக்கில் இருந்தபடி காலால் உந்திப் பின்னுக்கு எடுப்பது உயரமானவர்களின் வேலை. எங்களுக்கு முன்பாதம் மட்டும் பதிவதால் பின்னுக்குத் தள்ள வலு வராது. இதனால் நிறுத்தும்போதே யோசிக்கவேண்டும், கமநல நிலையத்திலோ வீட்டுவாசலிலோ பள்ளத்தை நோக்கி மூக்கை விட்டு நிறுத்தாதீர்கள். திருப்பி, வெளியே பார்த்தபடி நிறுத்துங்கள்.

வயல்கரையில் நிறுத்தும்போது சைட் ஸ்டாண்ட் ஈரமண்ணில் புதையும். பழைய தகரத்துண்டு அல்லது தட்டைப் பலகை ஒன்றைப் பையில் வைத்திருங்கள், ஸ்டாண்டின் காலுக்குக் கீழே போட. ஏறும்போது ஸ்டாண்ட் போட்டபடியே காலைத் தூக்கிப்போட்டு ஏறி இருந்து, ஹாண்டிலை நேராக்கி, பைக்கை நிமிர்த்தி, பிறகு ஸ்டாண்டைத் தட்டுங்கள். தட்ட மறந்து ஓடினால் இடப்பக்க வளைவில் அது நிலத்தில் குத்தித் தூக்கி எறியும். பழக்கமாகும்வரை வாய்விட்டே "ஸ்டாண்ட்" என்று சொல்லிக்கொண்டு ஓடத்தொடங்குங்கள்.

விழும். எல்லோருக்கும் ஒருதரம் நின்ற இடத்தில் விழும். விழப்போகிறது என்று தெரிந்ததும் காலைக் கொடுத்துத் தாங்கப் பார்க்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். கண்ணாடியும் கிளச் பிடியும் மலிவு, முழங்கால் மலிவில்லை. பிறகு எஞ்சினை நிறுத்தி, பைக் வலப்பக்கம் விழுந்திருந்தால் சைட் ஸ்டாண்டை முதலே இழுத்துவிட்டு, முதலாம் கியரில் போட்டு, சீற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குந்துங்கள். ஒரு கையால் ஹாண்டில் பிடியையும் மறுகையால் பின் கம்பியையும் பிடித்து, முதுகை நேராக வைத்து, கால்களால் பின்னுக்கு நடந்தபடி எழும்புங்கள். 112 கிலோவை இப்படி ஐந்தடிப் பெண் தனியே நிமிர்த்தலாம். பழகுகிற காலத்திலேயே மணலில் சாக்கு விரித்து ஒருதரம் படுக்கவைத்துச் செய்து பாருங்கள். ஒட்டுசுட்டான் காட்டுரோட்டில் ஆளில்லாத இடத்தில் முதல்முறை செய்யவேண்டி வரக்கூடாது.

பைக்கைப் பதித்துத் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பின் சொக்கைக் கட்டையானதாக மாற்றுவது, முன் கம்பியை இறக்குவது. வேண்டாம். பைக் கீழே இறங்கினால் சைட் ஸ்டாண்ட் நீளமாகிவிடும், பைக் நிமிர்ந்து நின்று மறுபக்கம் விழும். கிறவலில் அடி இடிக்கும், வளைவிலும் பிறேக்கிலும் பைக்கின் குணம் மாறும். அதற்கு முன்னர் செய்யக்கூடியது சீற். சீற் அடிக்கிற கடையில் கொடுத்து, முன்பக்கத்து இரண்டு ஓரப் பஞ்சையும் சீவச் சொல்லுங்கள். உயரத்தில் அதிகம் வெட்டினால் பலகையில் இருக்கிற மாதிரி வலிக்கும், ஓரத்தைச் சீவினால் தொடை ஒடுங்கி, கால் நேராக இறங்கும். பின் சொக்கில் இறுக்கம் மாற்றுகிற படி இருக்கும், தனியே ஓடும்போது அதைத் தளர்வான படியில் வையுங்கள். சப்பாத்தின் அடித்தோல் கொஞ்சம் தடிப்பாக, குதி மூடியதாக இருக்கட்டும். செருப்பு சேற்றில் கழன்றுவிடும். துப்பட்டாவை முடிந்து சட்டைக்குள் விட்ட பிறகே ஏறுங்கள், செயினிலும் சில்லிலும் அது சிக்கினால் கழுத்துக்குத்தான் வரும்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியதில் உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. இங்கே நிற்கிற பழைய பைக்குகளில் பாதி நெல் மூட்டையும் யூரியாவும் ஏற்றி உழைத்தவை. பின் சொக் களைத்துப்போயிருக்கும். நீங்கள் ஏறி இருந்ததும் சீற் நன்றாக இறங்கும், "ஆகா, கால் பதிகிறதே" என்று சந்தோஷப்படுவீர்கள். பிறகு சொக் மாற்றினவுடன் பைக் உயர்ந்துவிடும். ஆகவே ஏறும் முன் பின்பக்கத்தைக் கையால் அமத்தி விடுங்கள், ஒருதரம் மேலே வந்து நிற்கவேண்டும். குதித்துக்கொண்டே இருந்தால் அல்லது எண்ணெய் வடிந்திருந்தால் அந்தச் சீற் உயரத்தை நம்பவேண்டாம்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டிலும் எவ்வளவோ பைக்குகள் நீருக்குள் நின்றன. ஹெட்லைற் கண்ணாடிக்கு உள்ளே மண்கோடு, சீற்றுக்குக் கீழே வயரில் பச்சை பூத்திருப்பது, எஞ்சின் ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருப்பது, இவற்றைப் பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கி வைத்துக்கொண்டு காட்டினால் ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள்.

பைக்கின் பதிவுப் புத்தகத்தை வெளிச்சத்தில் வாசியுங்கள். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பைக்கில் அடித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தவேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதமும் பெயர் நீக்கமும் இல்லாமல் முற்பணம்கூடக் கொடுக்கவேண்டாம். கையெழுத்துப் போட்ட படிவத்தோடு ஓப்பின் பேப்பரில் விற்பது இங்கே சாதாரணம், ஆனாலும் உங்கள் பெயருக்கு உடனே மாற்றிவிடுங்கள். 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியாருக்குத் திறந்தது, அதனால் பழைய பைக்குகள் இன்னும் தங்கள் தகுதிக்கு மேலான விலையில் நிற்கின்றன. புதியதின் விலையையும் விசாரித்துவிட்டே பேரம் பேசுங்கள்.

லைசன்ஸில் ஒரு விஷயம். 100 சிசிக்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு. ஸ்பிளெண்டர் 97 சிசி, அதுவும் பெப் பிளஸ்ஸும் ஏ1 க்குள் அடங்கும். ஆனால் டியோ 110 சிசி அளவு, அது ஏ. பின்னாளில் யாருடைய பைக்கை எடுக்கவேண்டி வருமோ தெரியாது, விண்ணப்பிக்கும்போதே ஏ வகுப்புக்குப் போடுங்கள். பழகுநர் பத்திரம் கையில் வர முன்னர் வீதியில் இறங்கவேண்டாம், ஊர் ஒழுங்கை என்றாலும்.

பழகுவதற்குப் பாடசாலை மைதானம் மாதிரி மட்டமான இடம். முதல் நாள் ஓடவே வேண்டாம். எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு பைக்கை நடத்துங்கள், திருப்புங்கள், ஸ்டாண்ட் போடுங்கள், எடுங்கள். அதன் பாரம் உங்கள் இடுப்புக்குப் பழகட்டும். பிறகு கிளச் விடும்போது எஞ்சின் பிடிக்கிற இடத்தைத் திரும்பத் திரும்ப உணருங்கள், அக்சலரேற்றர் இல்லாமலே பைக் நகரத்தொடங்கும் அந்த இடம். அது கைக்கு வந்துவிட்டால் நடைவேகத்தில் விழாமல் ஓடலாம், நடைவேகத்தில் ஓடத்தெரிந்தால் காலை ஊன்றவேண்டிய தேவையே குறைந்துவிடும். வேகமாக ஓட யாரும் பழகலாம். மெதுவாக ஓடுவதைத்தான் நேரம் எடுத்துப் பழகவேண்டும்.

அண்ணாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். வாங்க நினைக்கிற பைக்கை அவரைக்கொண்டே உங்கள் அலுவலகப் பாதையில் உள்ள மோசமான கிறவல் ஓரத்துக்கு எடுத்துவரச் சொல்லுங்கள். கடையின் சீமெந்து நிலத்தில் எல்லாப் பைக்கும் நல்ல பைக்தான். அந்த ஓரத்தில் நீங்கள் ஏறி இருந்து, இடப்பக்கம் சாய்த்து இடது காலில் தாங்கி, மீண்டும் நிமிர்த்துங்கள். மூச்சுப் பிடிக்காமல் நிமிர்த்த முடிந்தால் அது உங்கள் பைக். அண்ணா பின்னால் ஏறி இருந்து பழக்க வேண்டாம், உயரமான ஆள் பின்னால் அசைந்தால் உங்கள் முன்பாதம் தாங்காது. லைசன்ஸ் எடுத்து மாரி ஒன்றையும் ஓடிக் கழித்த பிறகு ஆள் ஏற்றலாம், அப்போதும் நீங்கள் காலை ஊன்றி "ஏறுங்கோ" என்று சொன்ன பிறகுதான் பின்னுக்கு இருப்பவர் ஏறவேண்டும், நீங்கள் சொல்லித்தான் இறங்கவும் வேண்டும்.

அம்மாவுக்கு, பொழுதுபட முன்னர் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று உறுதி கொடுங்கள், அது அம்மாவுக்காக மட்டும் இல்லை. இருட்டின பிறகு கட்டாக்காலி மாடுகள் சூட்டுக்காகக் காப்பெற்றில் படுக்கும், ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் ரோட்டுக்கு வரும். 100 சிசி பைக்கின் வெளிச்சம் அவற்றை நேரத்தோடு காட்டப் போதாது. கூட்டம் நீண்டு நேரமாகிவிட்டால் பைக்கைக் கமநல நிலையத்திலேயே பூட்டிவைத்துவிட்டு பஸ்ஸில் வாருங்கள்.